கச்சான் காற்றும் திருநாள்களும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பயணக் குறிப்புகள்

2025 ஜூன் 5, வியாழன் – புளியந்தீவு

மட்டக்களப்பில் ஜூன் மாதத்தில் காலை பத்து மணிக்கு மேல் தெருவில் நடப்பவர் ஒன்றில் வெளியூராராக இருக்க வேண்டும், அல்லது கடன் கேட்கப் போகிறவராக இருக்க வேண்டும் என்று நான் தங்கியிருக்கும் கல்லடி வீட்டின் பெரியம்மா விடியற்காலையிலேயே எச்சரித்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் இதே பருவத்தில் வீசும் சோளகத்தில் கடலின் ஈரமாவது சற்று இருக்கும். இங்கே மேற்கு மலைகளைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று, தன் மழையையெல்லாம் மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, வெப்பத்தையும் புழுதியையும் மட்டுமே இந்தக் கரைக்குக் கொண்டுவருகிறது.

வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு நெடுங்காலமாக ஒரு குறை உண்டு. பாடநூல் வரைபடங்களில் மதங்கள் அம்புக்குறிகளாகவே பரவுகின்றன. மகத நாட்டிலிருந்து ஓர் அம்பு, அரேபியாவிலிருந்து ஓர் அம்பு, லிஸ்பனிலிருந்து ஓர் அம்பு என்று வரைந்து காட்டிவிடலாம். அம்பின் முனை தொட்ட ஊரில் மறுநாள் காலை என்ன நடந்தது என்று எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. பேராதனையில் என்னுடன் படித்த தோழி, “ஹஜ்ஜுப் பெருநாள், பெந்தெகொஸ்தே, கண்ணகை அம்மன் குளிர்த்தி, பொசன் போயா எல்லாம் இம்முறை அடுத்தடுத்த நாள்களில் வருகின்றன, வந்து பார்” என்று எழுதியபோது புறப்படுவதற்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

முதல் நாளை நகரின் மையமான புளியந்தீவில் கழித்தேன். வாவிக் கரையில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கீசர் 1628 இல் கட்டினர். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்பாடு செய்துகொண்டு வந்த ஒல்லாந்தர் 1638 இல் அதைப் பிடித்தனர். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு முதலில் வந்த கோட்டை இதுவே. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடற்கரைகளை ஆண்ட அவர்கள், தங்கள் சீர்திருத்தச் சபையைச் சட்டத்தின் துணையோடு வளர்க்க முயன்றனர். அரசாங்க உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்ற நிலை இருந்தது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. ஆயினும் இன்று இந்நகரத்தின் தெருக்களில் சுற்றினால் கண்ணில் படுபவை கத்தோலிக்கத் தேவாலயங்களும் மெதடிஸ்த பாடசாலையுமே தவிர, ஒல்லாந்தர் சபை மக்களிடையே விட்டுச்சென்றதாகச் சொல்லத்தக்கது மிகக் குறைவு. 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து, கையில் அதிகாரம் எதுவுமின்றி ஊர் ஊராக அலைந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் அடிகளாரின் வழி நிலைத்தது. பதவியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட மதத்தைப் பதவி போனதும் மக்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெதடிஸ்தரின் கதை வேறு. 1814 இல் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் ஓல்ட், கடற்பயணத்திலேயே மனைவியை இழந்தவர். அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்த தோமஸ் கோக் என்பவரும் கரையைக் காணாமலே கப்பலில் இறந்துபோனார். ஓல்ட் மட்டக்களப்பில் வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. 1815 ஏப்ரலில் காய்ச்சலில் மாண்டார். அந்தச் சில மாதங்களில் அவர் மனம் மாற்றியோர் எத்தனை பேர் என்பதைவிட, அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நடக்கிறது என்பதே இந்த ஊர் நினைவில் வைத்திருக்கும் செய்தி. நகரத்தில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. அதன் நிழலில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் யார் இவர் என்று கேட்டபோது, “பள்ளிக்கூடத்து ஐயா” என்றார். பாதிரியார் என்று சொல்லவில்லை.

மதியச் சோறு ஒரு சிறிய கடையில் 450 ரூபாய். இறாலும் முருங்கைக்காயும் சேர்ந்த கறிக்கு அந்த விலை குறைவுதான். தண்ணீர் கேட்டால் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் குவளையை இரு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

ஜூன் 6, வெள்ளி – கொக்கட்டிச்சோலை

வாவிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்கே வயல்கள் விரிந்த பக்கத்தைப் படுவான்கரை என்றும் இங்கே அழைக்கிறார்கள். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை இரு கரைகளுக்கும் இடையே இந்த இடத்தில் தோணியும் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுமே போக்குவரத்து. பாலத்தின் நடுவே எங்கள் முச்சக்கரவண்டியின் சக்கரம் காற்றுப் போய், காற்றாடி பறக்கவிடத்தக்க அந்தக் காற்றில் அரை மணி நேரம் நின்றோம். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் எவரும் நிற்காமல் கடந்து போகவில்லை. ஒருவர் திருகுச் சாவி கொடுத்தார், ஒருவர் ஜாக்கி தேடப் போனார், ஒருவர் நின்று அறிவுரை மட்டும் சொன்னார்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தல வரலாற்றைத் தோழியின் மாமனார் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். தேன் எடுக்கப் போன திடகன் என்னும் வேடன் கொக்கட்டி மரமொன்றை வெட்ட, மரத்திலிருந்து இரத்தம் பெருகியது. அவன் மரவுரியால் அதைக் கட்டிவிட்டு, கலிங்க நாட்டிலிருந்து வந்து மண்முனையை ஆண்ட உலகநாச்சியிடம் ஓடிச் சொன்னான். அவள் கோயில் கட்டுவித்தாள். பின்னொரு காலத்தில் போர்த்துக்கீசத் தளபதி ஒருவன் கோயிலை இடிக்க வந்து, கல் நந்தியைக் காட்டி, “இது புல் தின்னுமா?” என்று ஏளனம் செய்ய, நந்தி எழுந்து புல் தின்று சாணமும் இட்டது, அவன் அஞ்சி ஓடினான்.

இவற்றை நடந்த நிகழ்ச்சிகளாக நான் படிக்கவில்லை. ஆனால் இந்தக் கதை எத்தனை பேருக்கு இடம் ஒதுக்கித் தருகிறது என்பதைக் கவனித்தேன். காட்டின் முதல் உரிமையாளனாகிய வேடனுக்கே தெய்வம் முதலில் வெளிப்படுகிறது. வெளியிலிருந்து வந்த அரசகுலம் அவன் சொல்லைக் கேட்டுத்தான் கோயில் எடுக்கிறது. பகைவனாக வந்த பறங்கியும் கதைக்குள் சாட்சியாக நிறுத்தப்படுகிறான். ஆகம நெறியும் குருக்களும் பின்னர் வந்து சேர்ந்தாலும், கோயிலின் நிருவாகமும் திருவிழா உரிமையும் தாய்வழியாக எண்ணப்படும் குடிகளிடமே இருக்கின்றன. குடிகளின் சார்பில் நிற்பவர்களை வண்ணக்கர் என்கிறார்கள். எந்தக் குடிக்கு முதலில் கோயில் மரியாதையாகிய காளாஞ்சி கொடுப்பது என்பது இங்கே தத்துவ நூல்கள் எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி என்று மாமனார் சிரிக்காமல் சொன்னார்.

யாழ்ப்பாணத்துச் சைவத்தில் வளர்ந்த எனக்கு இந்த இடம் புதிது. எங்கள் சைவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் கையால் கழுவித் துடைக்கப்பட்டது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர், மிஷனரிமாரின் அச்சகம், பாடசாலை, பிரசங்கம் என்னும் மூன்று கருவிகளையும் எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். அதே வேகத்தில் ஆகமத்துக்கு ஒவ்வாதவை என்று அவர் கருதியவற்றையும் கண்டித்தார். கண்ணகி வழிபாடு அவற்றுள் ஒன்று. அதன்பின் வடக்கில் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி என்றும் வேறு அம்மன் பெயர்களிலும் மாறின. மதம் பரவும் வழிகள் இரண்டு என்று இன்று எண்ணிக்கொண்டேன்: இருப்பதற்குள் புகுந்து இடம் பிடிப்பது ஒன்று, இருப்பதைத் துப்புரவு செய்வது மற்றொன்று. இங்கிலாந்துக்கு அனுப்பிய குருமாருக்குப் பாப்பரசர் முதலாம் கிரகோரி 601 இல் எழுதிய கடிதத்தில், அங்குள்ள பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்து ஆலயமாக்குங்கள், மாடு வெட்டி விருந்துண்ணும் பழக்கத்தையும் திருநாள் விருந்தாக்கிவிடுங்கள் என்று அறிவுறுத்தினார். அந்தப் பாப்பரசர் படுவான்கரைக்கு வந்திருந்தால் இந்த மக்களோடு நன்றாகப் பேசியிருப்பார்.

மதியம் அவர்கள் உறவினர் வீட்டில் வாவி மீன் குழம்பும், எருமைத் தயிர்ச் சட்டியும். எண்பது வயதுக்கு மேற்பட்ட அந்த வீட்டு ஆச்சி, நான் போதும் என்று சொன்ன ஒவ்வொரு முறையும், “தின்னு மனே, என்னகா இது கோழி கொத்துறாப்போல” என்று இன்னொரு அகப்பை வைத்தார். கல்லடிக்குக் கொண்டுபோகத் தயிர் ஒரு சட்டி 550 ரூபாய்க்கு வாங்கினோம். சந்தியில் அதே சட்டிக்கு நூறு ரூபாய் கூடச் சொன்னார்கள்.

ஜூன் 7, சனி – காத்தான்குடி

ஹஜ்ஜுப் பெருநாள். மட்டக்களப்பு நகரிலிருந்து சில கிலோமீற்றர் தெற்கே, பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் நிரையாக நிற்கும் ஊர். தொழுகை முடிந்து புத்தாடையோடு வந்த பிள்ளைகளால் தெரு நிறைந்திருந்தது. தோழியின் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எங்களை அழைத்திருந்தார். பெண்கள் பகுதியில் சஹன் என்னும் பெரிய தட்டில் சோறு வைத்துச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டிலிருந்து உண்பது எனக்கு முதல் அனுபவம். என் பக்கத்துக்கு இறைச்சியைத் தள்ளித் தள்ளி வைத்த அந்த வீட்டு ராத்தா (அக்கா), நான் மரக்கறி மட்டுமே உண்பேன் என்று தெரிந்ததும் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்துபோய், கத்தரிக்காய்ப் பாற்கறியும் வட்டிலப்பமும் எடுத்து வந்தார். மீன் குழம்பு நேற்று உண்டேனே என்று தோழி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை; வெள்ளிக்கிழமை மீன் உண்டவள் சனிக்கிழமை விரதம் பிடிக்கும் கணக்கு எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டுமே விளங்கும்.

அந்த வீடு ராத்தாவின் பெயரில் இருக்கிறது. அவருடைய உம்மா அதைக் கட்டிக் கொடுத்தார். இப்போது இவர் தம் மகளுக்குப் பின்வளவில் இன்னொன்று கட்டிக்கொண்டிருக்கிறார். திருமணமான ஆண், மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வதே முறை. படுவான்கரைத் தமிழரிடமும் இதே வழக்கம்தான். குடி தாய்வழியில் வருகிறது. ஒரே குடிக்குள் மணம் கொள்வதில்லை. கோயிலில் குடிகளுக்காக வண்ணக்கர் நிற்பதுபோல, கிழக்கின் பழைய பள்ளிவாசல்களில் குடிகளுக்காக மரைக்காயர்கள் நின்றார்கள். முக்குவர், திமிலர் என்னும் இரு தமிழ்ச் சாதியாருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றதாகவும், அதற்கு நன்றியாக அவர்களுக்குப் பெண் கொடுக்கப்பட்டதாகவும் இரு சமூகத்தாரும் கதை சொல்கிறார்கள். போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களை இந்தக் கரையில் குடியேற்றினான் என்பது எழுத்தில் உள்ள வரலாறு. இந்து சமுத்திரத்தின் கரைகளில் மலபார் முதல் சாவகம் வரை இஸ்லாம் பெரிதும் இப்படித்தான் ஊன்றியது. பருவக்காற்றுக்காகக் காத்திருந்த வணிகன் மணம் முடித்தான். மாமியார் வீட்டில் தங்கினான். பிள்ளைகள் தாய்மொழியில் குர்ஆனுக்குப் பொருள் கேட்டார்கள். பந்திக்குப் பிந்தி வந்த விருந்தாளி, இருப்பவர்கள் சற்று நெருங்கி அமர்ந்து விட்ட இடத்தில் உட்காருவதைப் போல, புதிய மார்க்கம் ஊரின் உறவு முறைக்குள் உட்கார்ந்துகொண்டது.

பிற்பகலில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலுக்கு வெளியே நின்றோம். 1990 ஆகஸ்ட் 3 அன்று இரவுத் தொழுகையில் இருந்தவர்களை விடுதலைப் புலிகள் இங்கும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் சுட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர், சிறுவர் உட்பட, மாண்டனர். சுவரின் குண்டுத் துளைகள் பூசப்படாமல் விடப்பட்டிருக்கின்றன. அதே ஆண்டில் இந்த இரு மாவட்டங்களின் தமிழ்க் கிராமங்களிலும் கூட்டுக் கொலைகள் நடந்தன. குடியும் சீதன முறையும் ஒன்றாக இருந்தது கொலைகளைத் தடுக்கவில்லை. நேற்று எழுதிய குறிப்புகளை இன்று படிக்கையில் அவற்றில் சற்று இனிப்பு கூடிவிட்டதோ என்று படுகிறது.

ராத்தாவின் கணவர் இன்னொன்றைச் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் நபி புகழ் பாடும் மௌலூது ஓதுவார்கள், இறைநேசர்களான அவுலியாக்களின் அடக்கத்தலமாகிய சியாரத்துக்கு நேர்ச்சை கொண்டுபோவார்கள். 1980களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களோடும், அங்கு படித்துத் திரும்பியவர்களோடும், இவையெல்லாம் மார்க்கத்தில் இல்லாதவை என்னும் பேச்சும் வந்தது. 2004 இல் ஊருக்குள்ளேயே சூபி வழியினரின் வீடுகள் தாக்கப்படும் அளவுக்கு அது முற்றியது. “ஹிந்துக்களோட சண்டை வந்த காலத்தில பள்ளிக்கு ஓடினம். இது பள்ளிக்குள்ளயே வந்த சண்டை, எங்க ஓடுறது?” என்று அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

ஜூன் 8, ஞாயிறு – மட்டக்களப்பு நகரம்

பெந்தெகொஸ்தே ஞாயிறு. அப்போஸ்தலர்கள் மேல் அக்கினி நாவுகள் இறங்க, கூடியிருந்த பல நாட்டாரும் தத்தம் மொழியில் அவர்கள் பேச்சைக் கேட்டனர் என்னும் வாசகம் காலைத் திருப்பலியில் வாசிக்கப்பட்டது. ஒரு யூதக் குழுவின் இயக்கம் உலக மதமானதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது: சட்டமும் கோயிலும் எருசலேமில் இருந்தபோதிலும் செய்தி கேட்பவரின் மொழிக்குப் போய்ச் சேர்ந்தது. கிரேக்கத்தில் எழுதப்பட்டது, உரோமின் வீதிகளில் நடந்தது. 313 இல் கொன்ஸ்தந்தீன் அதற்கு உரிமை அளிக்கும் முன்பே நகரங்களில் வேர்விட்டிருந்தது.

திருப்பலி முடிந்து சீயோன் தேவாலயம் இருக்கும் வீதியால் நடந்தோம். 2019 உயிர்த்த ஞாயிறன்று தற்கொலைக் குண்டு வெடித்த இடம். இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். தாக்குதல்களை வழிநடத்தியவர் நேற்று நான் விருந்துண்ட ஊரில் பிறந்தவர் என்பதை அந்த ராத்தாவே விருந்தின்போது தாமாகச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

சீயோன் போன்ற சுயாதீன சபைகள், 1906 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் அசூசா தெருவில் ஒரு கறுப்பினப் போதகரின் கூட்டத்திலிருந்து கிளம்பிய அலையைச் சேர்ந்தவை. இந்தக் கரையில் சுனாமிக்கும் போருக்கும் பின்னர் ஜெப வீடுகள் பெருகியதைத் தோழி கண்ணால் கண்டிருக்கிறாள். வெள்ளைச்சேலை அணிந்த ஒரு சகோதரி எங்களைக் கண்டு மோர் கொடுத்தார். கணவனை இழந்த காலத்தில் கோயிலில் தம்மை யாரும் முன்வரிசைக்குக் கூப்பிடவில்லை என்றும், சபையில் பெயர் சொல்லி அழைத்தார்கள் என்றும் சொன்னார். மரபுவழிக் கோயிலில் இடம் என்பது குடியால் வருவது. அதனால்தான் அது உறுதியானது. அந்த உறுதியே இடம் இல்லாதவருக்குச் சுவராகிறது. புதிய மதங்கள் நுழைவது பெரும்பாலும் அந்தச் சுவர் ஓரமாகத்தான்.

மாலையில் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி. 1892 இல் காரைதீவில் பிறந்து, மிஷனரிப் பாடசாலைகளில் கற்று, இராமகிருஷ்ண சங்கத்தில் துறவியானவர். 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றிய சில வாரங்களில் மறைந்தார். காவி உடுத்தவர் பள்ளிக்கூடம் கட்டுவது என்னும் வழக்கத்தை இந்தக் கரை அவரிடமே கண்டது. காற்று சற்றுத் தணிந்திருந்தது. பிளேன்டீ 50 ரூபாய்.

ஜூன் 9, திங்கள் இரவு – தெற்கே ஒரு கிராமம்

ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று வண்ணக்கர் கேட்டுக்கொண்டார். படம் எடுப்பதற்கும் தடை. கண்ணகை அம்மன் கோயில் கதவு ஆண்டில் இந்தச் சில நாள்களுக்கே திறக்கும். இன்று குளிர்த்தி. பூசை செய்பவர் பிராமணர் அல்லர், கப்புகனார். அவர் வாயை வெண்துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார், மந்திரம் கேட்பதில்லை. வெளியே உடுக்கு ஒலிக்க, கண்ணகி வழக்குரைக் காதைகள் ஏட்டு மரபில் பாடப்படுகின்றன. நேர்ந்துகொண்ட பெண்கள் நெல் குற்றிப் பொங்கலுக்கு அரிசி எடுக்கிறார்கள். கல்யாணக்கால் நட்டிருக்கிறார்கள், சிலம்பில் முறிந்த திருமணம் இங்கே ஆண்டுதோறும் மறுபடி நடக்கிறது.

ஒரு மதம் எப்படித் தோன்றுகிறது என்பதற்கு நான் கண்ட மிகத் தெளிவான பாடம் இந்த இரவு. கணவனை அநியாயமாக இழந்த ஒரு பெண்ணின் கோபம் நகரத்தை எரித்தது. அந்தக் கோபம் தணியாவிட்டால் கோடையும் அம்மையும் வரும். ஆகவே அவளைக் குளிரச் செய்ய வேண்டும். சேரன் செங்குட்டுவன் எடுத்த கோயிலில் இலங்கைக் கயவாகு வேந்தனும் இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அந்தக் கயவாகுவே பத்தினி வழிபாட்டைக் கொண்டுவந்தான் என்று சிங்கள மரபும் ஏற்கிறது. மலைநாட்டிலும் தெற்கிலும் பத்தினித் தெய்யோவுக்குக் கம்மடு சடங்கு நடக்கிறது. பொத்துவிலுக்கு அப்பால் பாணமைக் கிராமத்தில் சிங்கள மக்கள் இரு கட்சியாகப் பிரிந்து மான்கொம்புகளைப் பிணைத்து இழுக்கும் ஆட்டமும், மட்டக்களப்புத் தமிழ் ஊர்களின் கொம்பு முறியும் ஒரே அம்மனுக்கு ஆடப்படுபவை. சமணத் துறவியான இளங்கோவின் காப்பியத் தலைவி, சைவ ஊர்களில் அம்மனாகவும் பௌத்த ஊர்களில் புத்தரின் காவலைப் பெற்ற தெய்வமாகவும் வாழ்கிறாள். இவளை எங்கள் ஊர்ச் சைவம் வெளியே அனுப்பியது. வேந்தர் பெயர்கள் கதையில் இருந்தாலும், ஊர்களில் அரசும் குருபீடமும் இல்லாமல் ஒரு வழிபாடு இரண்டு மொழிகளைக் கடந்து நிலைத்ததற்குக் காரணம், அது விடை சொன்ன கேள்வி இரு பக்கமும் ஒன்றாக இருந்ததே: மழை எப்போது வரும், பிள்ளைக்கு ஏன் மேலெல்லாம் கொப்புளம்? பெரியம்மை உலகில் ஒழிந்துவிட்டதென்று 1980 இல் அறிவிக்கப்பட்டது. கூட்டம் குறையவில்லை என்பதால் கேள்வி வேறு எங்கோ நகர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற இளைஞர் கட்டாரில் வேலை செய்பவர். இந்த இரவுக்காக விடுமுறை எடுத்து வந்திருக்கிறார்.

விடியும் தறுவாயில் குளிர்த்திப் பாடல் தொடங்கியது. வேப்பிலையும் நீரும் தெறிக்க, பெண்கள் குரவையிட்டார்கள். என் செருப்பை யாரோ மாற்றி அணிந்து போய்விட்டார்கள். எனக்கு எஞ்சியது இரண்டும் இடக்காலுக்கானவை.

ஜூன் 10, செவ்வாய் – அம்பாறை, இராஜகல

தூக்கமில்லாமல் பயணப்பட்டது தவறான திட்டம் என்று தோழி கல்முனையிலேயே சொன்னாள். ஆனாலும் பொசன் நாளைத் தவறவிட மனம் வரவில்லை. பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் இலங்கை அரசன் தேவநம்பிய தீசனைச் சந்தித்ததாகக் கொண்டாடப்படும் நிறைமதி இது. அம்பாறைக்குள் நுழைந்தபோது வீதியோரமெல்லாம் தன்சல் என்னும் அன்னதானப் பந்தல்கள். வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, “வாங்க வாங்க” என்று தமிழிலும் அழைத்துச் சோறும் பெலிமல் என்னும் வில்வம்பூப் பானமும் கொடுத்தார்கள். பொட்டைக் கண்டு தயங்கிய ஒருவரையும் நான் காணவில்லை. இங்குள்ள குடியேற்றங்கள் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வந்தவை. எனக்குச் சோறு வைத்த பெண்ணின் தாத்தா கேகாலையிலிருந்து வந்தவராம்.

உகனை வழியாக இராஜகலவுக்குப் போய், பிற்பகல் வெயிலில் காட்டுப் பாதையால் ஏறினோம். புதிதாக வாங்கிய 600 ரூபாய்ச் செருப்பு கணுக்காலை அறுத்தது. மேலே, பாறைகளுக்கும் சிதைந்த தூபிகளுக்கும் நடுவே, இந்தத் தீவுக்கு வந்த இட்டிய தேரரினதும் மகிந்த தேரரினதும் தூபி இது என்று கூறும் பிராமிக் கல்வெட்டு. அசோகன் காலத்துத் தூதை மகாவமிசம் என்னும் பிற்கால நூலின் கூற்றாகவே கற்பித்து வந்த எனக்கு, நூலுக்குப் பல நூற்றாண்டு முந்திய கல் ஒன்று அதே பெயரைச் சொல்வது பெரிய செய்தி. சுற்றிலும் குகைகள்; மழைநீர் உள்ளே வழியாதபடி விளிம்பு வெட்டியவை. இத்தகைய குகைகளை இன்னார் சங்கத்துக்குக் கொடுத்தார் என்று நாடெங்கும் கல்வெட்டுகள் உள்ளன. வவுனியாவுக்கு அருகே பெரியபுளியங்குளத்தில் அப்படிக் கொடுத்தவர்களில் விசாகன் என்னும் தமிழ் வணிகனும் ஒருவன். துறவி சோறு விளைப்பதில்லை, ஆகவே விளைப்பவர் இருக்கும் இடத்துக்கே பௌத்தம் போனது; குளம் கட்டிய அரசனும் வயல் வைத்த குடும்பத் தலைவனும் வணிகனும் அதைத் தாங்கினார்கள். இங்கும் அம்பின் முனையில் இருப்பது கொடுத்தவரின் பெயர்தான்.

பழைய பௌத்தத் தூபி உள்ள தீகவாபிக்குப் போக நேரம் போதவில்லை. அது ஒரு வகையில் நல்லதுதான். அந்தப் பெயரைச் சொன்னாலே இந்த மாவட்டத்தில் காணிப் பேச்சு எழும். கிழக்கின் தொல்லியல் மரபுரிமையைக் கவனிக்க 2020 இல் அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. கொடையின் பதிவாக வெட்டப்பட்ட எழுத்து, காணியின் உறுதிப்பத்திரமாக வாசிக்கப்படுவது எந்த மதத்துக்கும் நல்லதைச் செய்ததில்லை. விசாகனின் கல்வெட்டை வைத்து எதிர்வழக்கு ஆடும் என் ஊர் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன்.

திரும்பும்போது வர வேண்டிய பேருந்து வரவில்லை. இரண்டரை மணி நேரம் காத்து, இரவு எட்டு மணிக்குக் கல்முனைக்குப் போகும் தனியார் வண்டியில் இடம் கிடைத்தது. பக்கத்தில் துணி வியாபாரி ஒருவர், கல்முனைக்காரர். கடற்கரைப் பள்ளியைப் பற்றிக் கேட்டேன்; நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் அங்கே ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கும். முன்பு தமிழர்களும் மீன்பிடிக்காரரும் நேர்ச்சையோடு வருவார்கள், இப்போதும் சிலர் வருகிறார்கள் என்றார். தம் மருமகன் மத்ரஸாவில் படித்தவர், கொடியேற்றம் கூடாது என்பவர், மகளும் போவதில்லை. மனைவி மட்டும் தவறாமல் போகிறார், கொடி ஏறும் நாளில் வீட்டில் எல்லாருக்கும் நெய்ச்சோறும் ஆக்கிவிடுகிறார்.

“மருமகன் அதைச் சாப்பிடுவாரா?” என்று கேட்டேன்.

“சாப்பிடாம? வீடு இன்னும் அவட பேரிலதானே டீச்சர் இருக்கு” என்றார்.